'என் சரித்திரம்': பாடம் கேட்டதும் கேளாததும்

தமிழில் எழுந்த தன்வரலாற்று நூல்களுள் ஆசிரியர்களால் மிகுதியாக எடுத்தாளப்பெறுவது உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' எனலாம். 1940ஆம் ஆண்டு தொடங்கி ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, 1942இல் ஆசிரியரின் மறைவால் முற்றுப்பெறாது நின்று, 1950இல் நூலுருப் பெற்ற இந்நூலை நாம் இருவேறு நோக்கங்களுக்குப் பயன்படுத்தி வருகிறோம். ஆசிரியர் பயிற்சி வகுப்புகளிலும் ஆசிரியர் நாள் மேடைகளிலும் இது குருபக்திக்குச் சான்றாகக் காட்டப்பெறுகிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் அடியில் அமர்ந்து பாடம் கேட்ட மாணவர், ஆசிரியரே கல்வி என்று கருதி வாழ்ந்தார் என்பது அவ்வாசிப்பின் சாரம். மற்றொரு சாராரோ, கல்லூரி வாயிலை மாணவராக மிதியாத ஒருவர் தம் முயற்சியாலேயே பேரறிஞராக உயர்ந்தார் என்று கூறித் தற்கற்றலுக்கு இதே நூலைச் சான்றாக்குகின்றனர். 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கிய செய்தி இச்சாராருக்குப் பெரிதும் உவப்பானது.

ஒரே நூல் ஒன்றற்கொன்று முரணான இரு கருத்துகளுக்கும் சான்றாவது எங்ஙனம்? முதல் சாரார் பிள்ளையவர்கள் மறைந்த 1876ஆம் ஆண்டோடு நூலை மூடிவிடுகின்றனர். இரண்டாம் சாரார் 1880ஆம் ஆண்டிலிருந்துதான் அதனைத் திறக்கின்றனர். இவ்விரு பகுதிகளையும் சேர்த்து வாசிக்கும்போது, முறைசார் கல்வி, தற்கற்றல் என்று நாம் வகுத்துக்கொண்ட பிரிவினையே இந்நூலுக்குப் பொருந்தாமற் போவதைக் காணலாம். அதனை விளக்க முற்படுவதே இக்கட்டுரை.

எது முறைசார் கல்வி?

சாமிநாதையர் (1855–1942) பெற்ற கல்வியை 'முறைசாராக் கல்வி' என்று குறிப்பிடும் வழக்கம் கல்வியியல் கட்டுரைகளிற் காணப்படுகிறது. வகுப்பறை, பாடநூல், தேர்வு, சான்றிதழ் ஆகியவை இல்லாமையே அதற்குக் காரணம். இவ்வழக்கு நமக்கு உடன்பாடன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதத் தொடங்கி, ஏட்டில் எழுதப் பழகி, பின்னர் அரியலூர்ச் சடகோபையங்கார், செங்கணம் விருத்தாசல ரெட்டியார் முதலியோரிடம் பயின்று, 1871இல் மாயூரத்தில் பிள்ளையவர்களை அடைந்த பயணத்தில் ஒழுங்கான ஒரு வரிசை உண்டு. நிகண்டு, சதகம், அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம், யாப்பு, அணி என எதன்பின் எது என்பது ஏறத்தாழ வரையறுக்கப்பட்டிருந்தது. எந்நூலைக் கற்பது என்பதை மாணவன் தெரிவு செய்வதில்லை. ஆசிரியரே தெரிவு செய்தார். கற்றதைச் செய்யுளாக்கிக் காட்டுதல், மனப்பாடமாக ஒப்பித்தல், பிறர்க்குப் பாடம் சொல்லுதல் ஆகியவை தேர்வின் இடத்தில் நின்றன. இவற்றைவிட முறைமை மிக்க கல்வி வேறு யாது?

அம்முறையின் இறுக்கத்தைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். ஐயரின் தந்தையார் வேங்கட சுப்பையர் இசைவாணர். மகனும் இசையில் வல்லவனாக வேண்டும் என்பது அவர் விருப்பம். மாயூரத்தில் அப்போது வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் ஐயர் இசை பயிலத் தொடங்கினார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றியவரிடமே இசை பயிலும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிட்டும்! ஆயினும் இசையில் ஈடுபட்டால் இலக்கண இலக்கியப் பயிற்சிக்கு இடையூறு நேரும் என்று பிள்ளையவர்கள் கருதியதை அறிந்ததும் அப்பயிற்சி நின்றது. இதனை வருத்தமாகவோ முறையீடாகவோ ஐயர் எழுதவில்லை. நடந்ததை நடந்தவாறே எழுதிச் செல்கிறார். ஒரு துறையில் ஆழ்ந்து செல்ல வேறொரு துறையின் வாயிலை அடைப்பது அக்கல்வியின் இயல்பு என்பது அவருக்கு வியப்பாகத் தோன்றவில்லை.

உணவு பற்றிய குறிப்புகளும் ஈண்டு நோக்கத்தக்கவை. பிள்ளையவர்கள் மாணவராக ஏற்க இசைந்தபோதே, மாயூரத்தில் உணவுக்கு ஏற்பாடு செய்துதரத் தம்மால் இயலாத நிலையையும் தெரிவிக்கிறார். அந்தச் செலவைத் தந்தையார் எங்ஙனம் ஈடுகட்டுவார் என்பது பின்வரும் பல பக்கங்களில் ஓயாத கவலையாக ஓடுகிறது. மாணவர் எங்கே உண்பார், எங்கே உறங்குவார், யார் வீட்டில் யார் உண்ணலாம் என்னும் வினாக்கள் சாதி ஒழுக்கத்தோடும் பொருளியலோடும் பிணைந்தவை. குருகுலத்தைப் பொன்மயமான காலமாகப் பேசுவோர் இப்பக்கங்களை விரைந்து புரட்டிவிடுகின்றனர். பிள்ளையவர்களிடம் சவேரிநாத பிள்ளை என்னும் கிறித்தவ மாணவரும் பாடம் கேட்டார் என்பது அவருடைய பரந்த உள்ளத்திற்குச் சான்று. அதே வேளையில் அக்கல்வி வட்டத்தில் பெண் மாணவர் ஒருவரையும் நாம் காணவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

இனி, அத்தகைய முறைசார் கல்வியின் தலைவராக விளங்கிய பிள்ளையவர்கள் தாம் கற்றது எங்ஙனம்? ஐயர் 1930களில் எழுதி வெளியிட்ட ஆசிரியர் வரலாறு இதற்கு விடை தருகிறது. தந்தையிடம் தொடக்கக் கல்வி பெற்றபின், திரிசிரபுரத்தில் யாரிடம் எந்நூல் உண்டு, யாருக்கு எது தெரியும் என்று தேடித் தேடிக் கற்றவர் அவர். தண்டியலங்காரம் கற்ற பரதேசி ஒருவரை அணுகி, அவர் பின்னே திரிந்து, பணிவிடை செய்து அந்நூலைக் கற்றார் என்று ஐயர் எழுதுகிறார். ஒரே ஆசிரியரிடம் தங்கி முற்றக் கற்கும் பேறு ஆசிரியருக்குக் கிட்டவில்லை. அவரால் மாணவருக்குக் கிட்டியது. தற்கற்றலின் இடர்களை அறிந்த ஒருவர் பிறருக்காக வகுத்த முறையே பிள்ளையவர்களின் பாடமுறை என்று கூறினால் அது மிகையாகாது.

1880ஆம் ஆண்டு எழுந்த வினா

பிள்ளையவர்கள் 1876இல் மறைந்தபின் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரிடம் ஐயர் தொடர்ந்து பாடம் கேட்டார். தாமும் பாடம் சொன்னார். 1880 பிப்ரவரியில், தியாகராச செட்டியார் தம் இடத்திற்குப் பரிந்துரைத்ததன் பேரில், கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவர் கையில் சான்றிதழ் எதுவும் இல்லை. கல்லூரி ஆசிரியர்கள் முன் பாடல்களுக்குப் பொருள் சொல்லியும் செய்யுள் இயற்றியும் தம் தகுதியைக் காட்டினார்.

அவ்வாண்டு அக்டோபர் மாதம் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்த நிகழ்ச்சி தமிழ் இலக்கிய வரலாற்றில் பலராலும் பேசப்பட்டது. முதலியார் ஆங்கிலக் கல்வி பெற்றவர். கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்தவர். என்னென்ன கற்றீர் என்று அவர் வினவ, ஐயர் அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் புராணங்களையும் இலக்கண நூல்களையும் நிரல்பட எடுத்துரைக்கிறார். முதலியாரின் முகத்தில் வியப்பில்லை. இவற்றால் என்ன பயன் என்னும் கருத்துப்பட வினவிவிட்டு, சிந்தாமணியும் மணிமேகலையும் போன்ற பழைய நூல்களைக் கற்றதுண்டா என்று கேட்கிறார். ஐயர் கற்றதில்லை.

நார்மன் கட்லர் 2003இல் வெளியான தமது கட்டுரையில் இச்சந்திப்பைத் தமிழ் இலக்கியப் பண்பாட்டின் ஒரு திருப்புமையமாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்துள்ளார். பிற்காலச் சிற்றிலக்கிய மரபு பின்னே ஒதுங்க, பண்டை இலக்கியம் முன்னே வரும் கணம் அது என்பது பொதுவான வாசிப்பு. அவ்வாசிப்பில் உண்மை உண்டு. எனினும் ஐயர் அளித்ததாக எழுதும் விடையை நாம் போதிய அளவு கவனித்தோமா என்பது ஐயமே. நூல்கள் கிடைக்காமையால் கற்கவில்லை. கிடைப்பின் அவற்றையும் படித்தறியும் துணிவு உண்டு என்பதே அவ்விடையின் கருத்து. நாணமுற்ற ஒருவர் இங்ஙனம் விடையிறுப்பது அரிது. படியாத நூலைப் படித்துப் பொருள் காண இயலும் என்னும் அத்துணிவு எங்கிருந்து வந்தது? பயனற்றவை என்று முதலியார் கருதிய அதே அந்தாதிகளிலிருந்தும் திரிபுகளிலிருந்தும்தான் அது வந்தது. சொல்லைப் பலவாறு பிரித்துப் பொருள் காணும் பயிற்சி, பிழையான சீரைச் செவியாலேயே உணரும் யாப்பறிவு, ஆயிரக்கணக்கான செய்யுள்களைத் தாங்கிய நினைவாற்றல் ஆகிய மூன்றுமே பின்னாளில் சிதைந்த ஏட்டைத் திருத்தப் பயன்பட்டன. முதலியாரின் வினா கூர்மையானது, மதிப்பீடு முழுமையானதன்று.

அதே வேளையில் ஐயரின் விடையிலும் ஒரு மௌனம் உண்டு. சிந்தாமணி கல்வி வரிசையில் இடம்பெறாமைக்கு ஏடு கிடைக்காமை மட்டும் காரணமா? அதே திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த சுவாமிநாத தேசிகர் தமது இலக்கணக்கொத்து உரையில், சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை போன்ற நூல்களோடு திருக்கோவையாரை ஒருங்கு வைத்துக் கற்போரைக் கடிந்துள்ளார். சமயச் சார்பு பாடத்திட்டத்தை வரையறுத்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஆனால் அதே ஆதீனத்தின் ஏட்டுச் சுவடிகளுள் சிந்தாமணியும் இருந்தது. ஐயரின் பதிப்பு முயற்சிக்கு அது உதவியது. சுப்பிரமணிய தேசிகர் அம்முயற்சியைத் தடுக்கவில்லை, ஆதரித்தார். நிறுவனம் தன் பாடத்தில் விலக்கியதைத் தன் நூலகத்தில் காத்து வைத்திருந்தது! பாடத்திட்டத்தைக் கொண்டு மட்டும் ஒரு கல்வி நிறுவனத்தை எடைபோடலாகாது என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

தற்கற்றலில் 'தான்' யார்?

முதலியார் அளித்த பிரதியைக் கொண்டு ஐயர் சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கினார். நச்சினார்க்கினியர் உரையில் மேற்கோளாக வந்த பாடல்கள் எந்நூலைச் சார்ந்தவை என்று தெரியவில்லை. சமண சமயச் செய்திகள் விளங்கவில்லை. பிள்ளையவர்களிடம் கற்ற எதுவும் அவ்விடத்தில் கைகொடுக்கவில்லை. இதுவரை கூறியதைக் கொண்டு, இனி ஐயர் தனியே அமர்ந்து தம் அறிவாற்றலால் இருளைக் கடந்தார் என்று எதிர்பார்ப்போம். நூல் கூறுவது வேறு. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களைத் தேடிச் சென்றார். ஆங்கே சிந்தாமணி ஏட்டில் உறங்கும் பழைய நூலாக இல்லை. சமணர் வீட்டில் அதனைப் பல மாதங்கள் தொடர்ந்து படனம் செய்து, அதன் நிறைவை விழாவாகக் கொண்டாடிக்கொண்டிருந்தனர். தமிழறிஞர் உலகம் மறந்துபோன நூல், அதே ஊரின் மற்றொரு தெருவில், வழிபாட்டுக்குரிய நூலாக வாழ்ந்துகொண்டிருந்தது. சந்திரநாத செட்டியார் முதலியோர் ஐயரின் ஐயங்களைத் தீர்த்தனர்.

இப்பகுதியை நாம் நூலின் மையமாகக் கருதுகிறோம். இவர்கள் புலவர் அல்லர். ஆதீன வித்துவான்கள் அல்லர். கல்லூரி ஆசிரியரும் அல்லர். ஆயினும் கல்லூரி ஆசிரியர் ஒருவர் அவர்கள் முன் மாணவராக அமர்ந்தார். சைவ மடத்தில் பயின்றவர் சமணர் வீட்டில் பாடம் கேட்டதும், ஆசிரியர் என்னும் பதவியில் இருந்துகொண்டே மாணவராக ஒழுகியதும் எளிய செயல்கள் அல்ல. குருபக்தி பற்றிப் பேசும் மேடைகளில் பிள்ளையவர்களின் பெயர் ஒலிக்கும் அளவிற்குச் சந்திரநாத செட்டியாரின் பெயர் ஒலிப்பதில்லை. தற்கற்றலைப் போற்றுவோரும் அப்பெயரைக் கூறுவதில்லை. கூறின் 'தானே கற்றார்' என்னும் கூற்று தளர்ந்துவிடும் அல்லவா? ஐயர் ஆசிரியரின்றிக் கற்கவில்லை. ஆசிரியரைத் தாமே தெரிவு செய்யும் நிலைக்கு வந்தார். யாரிடம் எதைக் கேட்பது என்பதை அவர் முடிவு செய்தார். தற்கற்றல் என்னும் சொல்லில் 'தான்' என்பதற்கு இந்நூலில் கிடைக்கும் பொருள் இவ்வளவே.

மற்றொன்றும் உண்டு. 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறும் வரை நீடித்த அவ்வுழைப்பின்போது ஐயரின் குடும்பத்திற்கு உணவளித்தது கல்லூரியின் ஊதியம். தேர்வுக்குரிய பாடங்களை நடத்துவதற்கே கல்லூரி அவரை அமர்த்தியிருந்தது. ஏடு தேடுமாறு அது பணிக்கவில்லை. இருப்பினும் மாதந்தோறும் தவறாது வரும் ஊதியமும் விடுமுறைகளும் இல்லையேல் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடியிருக்க இயலாது. பகலில் வகுப்பும் இரவில் ஏடுமாகக் கழிந்த அவ்வாண்டுகளைப் பற்றி வாசிக்கும் நம் ஆசிரியர்கள், தம் பணிச்சுமையையும் எண்ணிப் பார்ப்பர் என்பதில் ஐயமில்லை.

இதே காலத்தில் பதிப்புத் துறையில் உழைத்த சி.வை. தாமோதரம் பிள்ளையோடு ஒப்பிட்டால் இவ்வாதம் இன்னும் தெளிவுபெறும். அவர் யாழ்ப்பாணத்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவர், 1857இல் இளங்கலைப் பட்டம் பெற்றவர். வீரசோழியத்தை 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும், கலித்தொகையை 1887இலும் வெளியிட்டார். ஒருவர் ஆங்கில முறைக் கல்வியின் முதல் விளைச்சல். மற்றவர் மடத்துக் கல்வியின் கடைசி விளைச்சல்களுள் ஒருவர். இருவரும் ஒரே தொழிலை மேற்கொண்டனர். அத்தொழிலைப் பல்கலைக்கழகமும் கற்பிக்கவில்லை, மடமும் கற்பிக்கவில்லை. பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறிப்பது, முன்னுரை எழுதுவது, அரும்பத அகராதி தொகுப்பது, அச்சுப்படி திருத்துவது ஆகியவற்றை இருவரும் வேலை செய்துகொண்டே கற்றனர். சிந்தாமணியைத் தாமோதரம் பிள்ளை பதிப்பிக்க விரும்பியதையும் ஐயர் அதனை விட்டுக்கொடாததையும் 'என் சரித்திரம்' கூறுகிறது. அப்பகுதி ஐயரின் நோக்கிலேயே எழுதப்பட்டது என்பதை வாசகர் மறத்தல் கூடாது.

ஐயரின் வாழ்வைத் தனி விதிவிலக்காகக் கொள்வோருக்கு, திரு.வி. கலியாணசுந்தரனாரின் 'வாழ்க்கைக் குறிப்புகள்' (1944) மற்றொரு சான்று தரும். தம் ஆசிரியர் நா. கதிரைவேற்பிள்ளையின் வழக்கில் சாட்சியம் அளிக்கச் சென்றமையால் தேர்வு எழுத இயலாது போய்ப் பள்ளிக் கல்வியை இழந்தவர் திரு.வி.க. ஓர் ஆசிரியரின்மேல் வைத்த பற்று பள்ளியை இழக்கச் செய்தது. அப்பற்றே தமிழை அளித்தது. பள்ளிக் கல்வியை முடிக்காதவர் என்று அவரைக் கூறலாம். ஆசிரியரின்றிக் கற்றவர் என்று கூற இயலாது.

நம் சூழலில்

மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றை அறிந்தோருக்கு இவ்வுண்மை புதிதன்று. 1950ஆம் ஆண்டு தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பை நினைவுகூர்க. தோட்டத்திலும் சிற்றூரிலும் இருந்துகொண்டு தாமே எழுதிப் பழகியோருக்கு நாளிதழ் வழியே பாடம் சொல்லி, கதை எழுதச் செய்து, தரம்பிரித்துக் கூறிய முயற்சி அது. அதனைப் பள்ளி என்பதா, தற்கற்றல் என்பதா? பல எழுத்தாளர்களை உருவாக்கிய அவ்வகுப்பிற்குக் கட்டடம் இல்லை. ஆனால் பாடமும் பயிற்சியும் மதிப்பீடும் இருந்தன.

அண்மைக் காலத்தில் 'வாழ்நாள் கற்றல்', 'மாணவர் மையக் கற்றல்' என்னும் தொடர்கள் நம் கல்வி ஆவணங்களில் நிறைந்துள்ளன. மாணவன் தானே கற்பான். ஆசிரியர் வழிகாட்டினாற் போதும் என்று அவை பொருள்படுத்தப்படுகின்றன. மனப்பாடம் இழிவுற்ற சொல்லாகிவிட்டது. இணையத்தில் எல்லா நூலும் கிடைப்பதால் இனி எதனையும் தாமே கற்கலாம் என்பாரும் உளர். சாமிநாதையரின் காலத்துச் சிக்கல் நூல் கிடைக்காமை; நம் மாணவருக்கு அச்சிக்கல் பெரும்பாலும் இல்லை. ஆனால் கிடைத்த நூலைத் திறந்தபின், பொருள் விளங்காத வரியில் நின்று, விளங்கும்வரை அதனை விடாது பற்றும் திறன் எங்கே பெறப்படும்? ஐயரிடம் அத்திறன் இருந்தது. அது ஐந்தாண்டுக் காலம் பிறர் தெரிவு செய்த நூல்களைப் பிறர் சொல்லக் கேட்டுக் கற்றதால் வந்தது. நம் வகுப்புகளில் அந்தாதியும் கோவையும் இல்லை. அவற்றின் இடத்தில் எதனை வைத்துள்ளோம் என்பதற்கு இத்துறையினர் விடைகூறக் கடமைப்பட்டுள்ளனர். அதே அளவிற்கு, நம் பாடத்திட்டத்தில் இடம்பெறாத நூலைப் பற்றி மாணவரிடம் வினவும் இராமசாமி முதலியார்கள் நம்மிடையே எத்துணைப் பேர் என்பதற்கும் விடை வேண்டும். அத்தகைய வினா தேர்வுத்தாளில் வாராது.

பயிற்சி ஆசிரியர்களுக்கு 'என் சரித்திர'த்திலிருந்து பகுதிகளைத் தெரிவு செய்வோர், பிள்ளையவர்களைச் சந்தித்த அத்தியாயங்களோடு கும்பகோணத்துச் சமணர் பற்றிய அத்தியாயங்களையும் சேர்த்தல் வேண்டும் என்பது நம் பரிந்துரை. இடமிருப்பின் மணிமேகலைப் பதிப்பு பற்றிய பகுதியையும் சேர்க்கலாம். பௌத்தக் கொள்கைகளைத் தெளிய ஐயருக்குத் தமிழ்நாட்டில் பௌத்தர் இல்லம் ஏதும் கிடைக்கவில்லை. பௌத்தம் பற்றி அன்று அச்சில் கிடைத்தவை பெரும்பாலும் ஆங்கில நூல்கள். ஐயருக்கோ ஆங்கிலம் தெரியாது. உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியர் அந்நூல்களைப் படித்துப் பொருள் சொல்ல, ஐயர் கேட்டுக் குறித்துக்கொண்டார். 1898இல் மணிமேகலை வெளிவந்தபோது அவருக்கு அகவை 43. கல்லூரியில் ஆசிரியராகப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.